அம்மா சாவுக்கு அழாதவன்

ஒரு குமாஸ்தா. அம்மா இறந்துவிட்டாள் என்று தந்தி வருகிறது. முதலாளியிடம் போய் இரண்டு நாள் லீவு கேட்கிறான். முதலாளிக்கு முகம் சரியில்லை. வியாழன், வெள்ளி லீவு கொடுத்தால் கூடவே சனி, ஞாயிறு ஒட்டிக்கொண்டு நாலு நாள் ஆகிவிடுமே என்று கணக்குப் போடுகிறார். அம்மா செத்ததில் தன் தப்பு எதுவும் இல்லை என்கிற மாதிரி நம் ஆள் ஏதோ சொல்லிவைக்கிறான். சொல்லியிருக்க வேண்டாமோ என்று அப்புறம் யோசிக்கிறான்.

அதே ஆபீசில் கை கழுவுகிற இடத்தில் ஒரு டவல். உருளையில் மாட்டிய பொது டவல். மத்தியானம் காய்ந்திருக்கும். சாயங்காலத்துக்குள் அத்தனை பேரும் துடைத்துத் துடைத்து சொதசொதவென்று ஆகிவிடும். முதலாளியிடம் சொல்லிப் பார்க்கிறான். 'வருத்தம்தான், ஆனால் சின்ன விஷயம்' என்கிற தோரணையில் பதில் வருகிறது.

கொஞ்ச நாள் கழித்து முதலாளியே கூப்பிட்டு, 'தலைநகரத்தில் பிராஞ்ச் போடப் போகிறோம், போகிறாயா?' என்கிறார். நம் ஆள் குதிக்கவில்லை. எங்கே இருந்தாலும் எல்லாம் ஒன்றுதான் என்கிறான். 'இந்தப் பையனுக்கு ஆம்பிஷனே கிடையாது' என்று முதலாளி தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

இதெல்லாம் பாரிமுனையில் ஏதோ ஒரு ஷிப்பிங் ஆபீசில் நடந்தது என்று நீங்கள் நினைத்தால் பாதி சரி. ஷிப்பிங் ஆபீஸ்தான். ஆனால் ஊர், வட ஆப்பிரிக்காவின் அல்ஜியர்ஸ். குமாஸ்தாவின் பெயர் மெர்சோ. எழுதியவர் ஆல்பெர் காம்யு. 1942ல் பிரெஞ்சில் வந்த நாவல். நேராகப் பிரெஞ்சிலிருந்து வெ. ஸ்ரீராம் தமிழாக்கி, 1980ல் க்ரியா வெளியிட்டது. தமிழில் பெயர் 'அந்நியன்'.

(2005ல் ஷங்கர் எடுத்தாரே, அது வேறே. அதில் தப்பு செய்தவர்களுக்கெல்லாம் ஹீரோ கருடபுராணப்படி தண்டனை கொடுப்பார். இதில் ஹீரோவே ஒரு கொலையைச் செய்துவிட்டு, அதற்காக இல்லாமல் வேறு எதற்கோ தண்டனை வாங்குகிறான்.)

*

இப்போது எதற்கு இந்தப் பழைய புத்தகம் என்றால், செங்கல்பட்டிலிருந்து காலையில் கிளம்புகிற பீச் வண்டியில் இதற்கு ஒரு ரசிகர் மன்றமே இருக்கிறது. பத்திருபது பேர் கூடச் சேராத மன்றம்தான். ஆனால் தீவிரம் அதிகம். கொளவாய் ஏரி ஜன்னலில் வருவதற்கு முன் புத்தகத்தைப் பிரித்தால் தாம்பரம் வரைக்கும் தலை நிமிராது.

அதில் ஒரு தம்பி எனக்குப் பழக்கம். வயது இருபத்தாறு. கிண்டியில் வேலை. "ஹீரோன்னா இவன்தான் சார். எதுக்கும் அலட்டிக்கல பாருங்க. அம்மா செத்தாலும் சரி, பிரமோஷன் வந்தாலும் சரி, ஒரே மூஞ்சி. நானும் அப்படித்தான் ஆகணும்னு பார்க்கிறேன்" என்றான்.

"எக்ஸிஸ்டென்ஷியலிஸமா?" என்றேன்.

"இருத்தலியல் சார்."

பக்கத்தில் இருந்த ஹெட் கிளார்க் ஒருத்தர், "அதாவது, சீட்டை விட்டு எழுந்திரிக்காம இருத்தல்" என்று விளக்கம் கொடுத்தார். (காம்யுவே தன்னை அந்தக் கட்சியில் சேர்க்காதீர்கள் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் ஒரு தரம் லேபிள் ஒட்டிவிட்டால் கிழிப்பது கஷ்டம்.)

தம்பியைக் குறை சொல்ல மாட்டேன். தமிழில் இந்த நோய்க்கு வயசு உண்டு. மதுரையில் ஜி. நாகராஜன் 1974லேயே 'நாளை மற்றுமொரு நாளே' என்று ஒருத்தனுடைய ஒரே ஒரு நாளை எழுதிவிட்டார். அதிலும் நல்லது கெட்டது என்று யாரும் பிரசங்கம் செய்வதில்லை. நாகர்கோவிலில் சுந்தர ராமசாமி 1981ல் 'ஜே.ஜே: சில குறிப்புகள்' எழுதியபோது, கதாநாயகன் சாகிற தேதியை 1960 ஜனவரி 5 என்று வைத்தார். காம்யு கார் விபத்தில் இறந்ததற்கு மறுநாள். அவ்வளவு தூரம் இந்த ஆசாமி நம் ஆட்களைப் பிடித்து ஆட்டியிருக்கிறார்.

எனக்கு இருந்த சந்தேகம் ஒன்றுதான். மெர்சோவுக்கு உண்மையிலேயே எதுவும் ஒட்டாதா? ஒட்டாதவன் என்றால் அவன் எதற்காகத் தலையைக் கொடுத்தான்?

*

படிக்காதவர்களுக்காகக் கதை. அம்மா முதியோர் இல்லத்தில் இருக்கிறாள். அல்ஜியர்ஸிலிருந்து எண்பது கிலோமீட்டர். இறந்த செய்தி கேட்டுப் போகிறான். பெட்டியைத் திறந்து முகம் பார்க்க வேண்டாம் என்கிறான். ராத்திரி பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பால் காபி குடிக்கிறான், சிகரெட் பிடிக்கிறான். மறுநாள் கொளுத்துகிற வெயிலில் அடக்கம். அழவில்லை. அதற்கு மறுநாள் கடலில் குளிக்கப் போகிறான். அங்கே பழைய ஆபீஸ் சிநேகிதி மரியைப் பார்க்கிறான். சாயங்காலம் இரண்டு பேரும் ஒரு காமெடிப் படத்துக்குப் போகிறார்கள்.

கொஞ்ச நாளில், பக்கத்து வீட்டு ரேமோன் என்பவனுடைய சண்டை ஒன்றில் சிக்கிக்கொள்கிறான். கடற்கரை. உச்சி வெயில். எதிரே கத்தியோடு ஓர் அராபியன். மெர்சோ கையில் ரேமோனுடைய துப்பாக்கி. சுடுகிறான். ஒரு குண்டு. கொஞ்சம் நிறுத்தி, கீழே கிடக்கிற உடம்பின்மேல் இன்னும் நாலு.

கோர்ட்டில் கேள்வி குண்டுகளைப் பற்றித்தானே வரவேண்டும்? அரசு வக்கீல் போட்ட போடு வேறே. அம்மா சாவில் அழுதானா, காபி குடித்தானா, மறுநாள் சினிமாவுக்குப் போனானா... இல்லத்துக் காவல்காரர்வரை கூப்பிட்டு விசாரித்து, இவனுக்கு மனசே கிடையாது என்று நிரூபித்து, தலையை வெட்டச் சொல்லித் தீர்ப்பு.

இதே வழக்கு செங்கல்பட்டு செஷன்ஸ் கோர்ட்டில் நடந்திருந்தால் அரசுத் தரப்பு பாதியிலேயே உட்கார்ந்திருக்கும். 1872ம் வருஷத்து சாட்சியச் சட்டம், 54ம் பிரிவு. எதிரி கெட்ட குணம் உள்ளவன் என்பது கிரிமினல் வழக்கில் சம்பந்தமில்லாத சமாசாரம். அவனாக 'நான் ரொம்ப நல்லவன்' என்று சாட்சி கொண்டுவந்தால்தான் அந்தப் பேச்சையே எடுக்கலாம். 2024 ஜூலை 1 முதல் சட்டத்துக்குப் பெயர் பாரதிய சாக்ஷ்ய அதிநியம் என்று மாறிவிட்டது. விதி மாறவில்லை. அதனால் மெர்சோ தப்பித்திருப்பானா என்றால் அதுதான் இல்லை. கீழே கிடந்தவன்மேல் சுட்ட அந்த நாலு குண்டு போதும். அழுகையைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமலே உள்ளே தள்ளியிருப்பார்கள்.

*

சரி, தம்பி சொல்கிற மாதிரி மெர்சோ மரக்கட்டையா?

கடலில் நீந்துவது பிடிக்கிறது. மரியின் சிரிப்பு பிடிக்கிறது. அவள் தலையணையில் விட்டுப்போன உப்பு வாசனையைத் தேடுகிறான். காய்ந்த டவல் பிடிக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பிடிக்காது, ஆனால் அன்றைக்குப் பூராவும் பால்கனியில் உட்கார்ந்து தெருவில் போகிறவர்களை ஒருவர் விடாமல் பார்க்கிறான். எதுவும் ஒட்டாதவன் டவலைப் பற்றி முதலாளியிடம் மனு கொடுப்பானா?

நம் ஊரில் பற்றில்லாதவர் என்றால் பட்டினத்தார். காவிரிப்பூம்பட்டினத்துச் சொத்து அத்தனையும் உதறிவிட்டுக் கோவணத்தோடு போனவர். அவர் என்ன செய்தார்? அம்மா இறந்ததும் சொன்ன சொல் மாறாமல் வந்து, பச்சை வாழைமட்டையை அடுக்கி, பாடிப் பாடி அழுது தீ மூட்டினார் என்பது கதை. அந்தப் பாட்டுகள் இன்றைக்கும் நம் சுடுகாடுகளில் கேட்கின்றன. எல்லாவற்றையும் விட்ட துறவி அழுகிறார். எதையுமே விடாத குமாஸ்தா அழவில்லை. இரண்டு பேருமே நடிக்கவில்லை என்பதுதான் இதில் விசேஷம். பட்டினத்தாருக்கு வந்தது, அழுதார். மெர்சோவுக்கு வரவில்லை, அழவில்லை.

மெர்சோவிடம் இருக்கிற முதல் சரக்கு இதுதான். உள்ளே இருப்பதற்குமேல் ஒரு மில்லிகிராம்கூடக் கூட்டிச் சொல்ல மாட்டான். 'என்னைக் காதலிக்கிறாயா?' என்று மரி கேட்டால், அந்த வார்த்தைக்கு அர்த்தம் ஒன்றும் இல்லை, அநேகமாக இல்லை என்கிறான். (இதை வீட்டில் முயற்சி செய்ய வேண்டாம்.) அவனுடைய வக்கீலே வந்து, 'அன்றைக்குத் துக்கத்தை அடக்கிக்கொண்டேன் என்று சொல்லலாமா?' என்று வழி காட்டுகிறார். ஒரே ஒரு சின்னப் பொய். தலை தப்பிக்கும். முடியாது, அது உண்மை இல்லை என்கிறான்.

நம்மால் ஆகிற காரியமா? ஒரு நாள் கேஷுவல் லீவுக்கு நாம் கொன்ற பாட்டிகளின் எண்ணிக்கை சித்ரகுப்தனுக்குத்தான் தெரியும். வாட்ஸ்அப் வந்தபின் இன்னும் மோசம். ஆபீஸ் குரூப்பில் 'அக்கௌண்ட்ஸ் செக்‌ஷன் நண்பரின் தாயார் காலமானார்' என்று வந்த மூன்றாவது செகண்டில் அழுகிற பொம்மை முப்பது. அனுப்பியவர்களில் பாதிப் பேர் அப்போது கேன்டீனில் கீரை வடை சாப்பிட்டுக்கொண்டு இருந்தார்கள். நானே பார்த்தேன். ஒருத்தர் அவசரத்தில் கும்பிடு பொம்மைக்குப் பதில் கைதட்டுகிற பொம்மையை அனுப்பிவிட்டு, அழிப்பதற்குள் பட்ட பாடு...

எங்கள் தெருவில் ஒருவர். நாலு வருஷம் படுக்கையில் கிடந்த அம்மாவைத் தனி ஆளாகப் பார்த்துக்கொண்டார். குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது, ராத்திரி இரண்டு மணிக்கு மாத்திரை எல்லாம் அவர்தான். அம்மா போன அன்றைக்கு அவர் கண்ணில் ஒரு சொட்டு இல்லை. ஐஸ் பாக்ஸுக்குப் போன், பந்தலுக்கு அட்வான்ஸ், வந்தவர்களுக்குக் காபி என்று ஓடிக்கொண்டிருந்தார். "கல்லு மனசுடியம்மா" என்று திண்ணையில் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். மத்தியானம் கார் போட்டு வந்த தம்பிக்காரர் வாசலிலேயே விழுந்து புரண்டு அழுதார். எல்லோருக்கும் திருப்தி. கருமாதி அன்றைக்கு இலை எடுப்பதற்குள் அவர் வீட்டுப் பத்திரம் எங்கே என்று விசாரித்தார் என்பது வேறு கதை.

ஒரு மாசம் கழித்து மூத்தவரை டீக்கடையில் பார்த்தேன். "ரெண்டு டீ, ஒண்ணு சர்க்கரை இல்லாம" என்றார். மாஸ்டர் போட்டு வைத்துவிட்டார். கூட யாரும் இல்லை. வழக்கமாகப் பிளாஸ்கில் வாங்கிப் போவார், அம்மாவுக்குச் சர்க்கரை. கொஞ்ச நேரம் கிளாஸைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் இரண்டையும் அவரே குடித்துவிட்டுக் காசு கொடுத்துப் போனார். திண்ணைக் கோர்ட்டுக்கு இந்த சாட்சியம் போய்ச் சேரவில்லை.

*

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரம் போனேன். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக பஸ், முப்பது கிலோமீட்டர் சுமாருக்கு. ரசிகர் மன்றத் தம்பியும் கூட வந்தான்.

அர்ஜுனன் தபசுக்கு முன்னால் நின்றோம். பகீரதன் தபசு என்று வாதாடுகிறவர்களும் உண்டு. யாராக இருந்தாலும் பாவம், எலும்பு தெரிய, ஒற்றைக் காலில், கையைத் தூக்கிக்கொண்டு ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்குமேல் நிற்கிறார். கீழே யானைக்குப் பக்கத்தில் பாருங்கள், ஒரு பூனை. அதே மாதிரி கையைத் தூக்கி, பின்னங்காலில் நின்று, விலா எலும்பு தெரியத் தபசு செய்கிறது. காலடியில் எலிகள். ஆஹா, எத்தனை பெரிய மகான் என்று நம்பிக்கொண்டு இருக்கின்றன. மகாபாரதத்திலேயே வருகிற கதை. ருத்திராட்சப் பூனை என்று நாம் சொல்வது இந்த ஜாதியைத்தான்.

பல்லவ சிற்பியின் குசும்பை நினைத்துப் பாருங்கள். ராஜா செலவில் இத்தனை பெரிய புண்ணியச் சிற்பம் செதுக்கும்போது, அசலுக்குப் பக்கத்திலேயே நகலையும் வைத்துவிட்டான். போஸ் இரண்டுக்கும் ஒன்றுதான். வெளியே இருந்து பார்த்தால் கையைத் தூக்கினவர்கள் எல்லாம் முனிவர்தான்.

"இந்தப் பூனைக்கு நேர் எதிர்தான் சார் மெர்சோ" என்றான் தம்பி.

உண்மையிலேயே நன்றாகச் சொன்னான். ஒரு ரோஸ் மில்க் வாங்கிக் கொடுத்தேன்.

கடற்கரைக் கோயிலைத் தாண்டி மணலில் இறங்கும்போது மணி ஒன்று. செருப்பை மீறிச் சுடுகிறது. கடல் தகரம் மாதிரி மின்னி, கண்ணைத் திறக்க முடியவில்லை. மெர்சோ கோர்ட்டில், ஏன் சுட்டாய் என்று கேட்டதற்கு வெயிலால்தான் என்று திணறித் திணறிச் சொல்வான், எல்லோரும் சிரிப்பார்கள். அந்த மணலில் நின்றபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை, உண்மைதான். ஆனால் அந்த நியாயம் செல்லும் என்று வைத்துக்கொண்டால் அக்னி நட்சத்திரத்தில் செங்கல்பட்டு ஜில்லாவில் ஆள் மிஞ்ச மாட்டார்கள்.

நிழலுக்கு ஒரு படகோரம் உட்கார்ந்தோம். அங்கேதான் தம்பி விஷயத்துக்கு வந்தான்.

அவனுடைய ரூம்மேட்டுக்கு ஒரு பெண்ணோடு பழக்கம் இருந்து விட்டுப்போய்விட்டது. இப்போது அந்தப் பெண்ணுக்கு வேறு இடத்தில் நிச்சயம் ஆகியிருக்கிறது. மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு லெட்டர் போட வேண்டும். மொட்டைக் கடிதாசி. நாகரிகமாகவும் இருக்க வேண்டும், படிக்கிறவனுக்கு ராத்திரி தூக்கம் வரக்கூடாது. "நீதான்டா நல்லா எழுதுவே, ஒரு டிராஃப்ட் போட்டுக் குடு மச்சி" என்று கேட்டிருக்கிறான்.

"நீ என்ன சொன்னே?"

"பார்க்கலாம்னேன். எழுதித் தந்தா என்ன சார்? எனக்கு அந்தப் பொண்ணும் வேண்டாம், இவன் லவ்வும் வேண்டாம். எனக்கென்ன போச்சு?"

அச்சு அசல் மெர்சோ குரல்.

"தம்பி, புத்தகம் பையில இருக்கா? மூணாவது அத்தியாயம் எடு" என்றேன்.

*

ரசிகர்கள் எல்லோரும் ஒரு பக்கத்தை வேகமாகப் புரட்டிவிடுகிறார்கள். கடற்கரைக்கு ரொம்ப முன்னால், ஒரு ராத்திரி ரேமோன் மெர்சோவைச் சாப்பிடக் கூப்பிடுகிறான். அவன் வைத்துக்கொண்டிருந்த பெண் ஏமாற்றிவிட்டாளாம். ஏற்கெனவே அடித்தாகிவிட்டது. இன்னும் ஆத்திரம் தீரவில்லை. அவள் மனசைக் குத்துகிற மாதிரி ஒரு கடிதம் எழுதி வரவழைத்து அவமானப்படுத்த வேண்டும். எழுத வரவில்லை. நீ எழுதிக் கொடுக்கிறாயா?

மெர்சோ எழுதிக் கொடுக்கிறான். கோபம் இல்லை, ஆசை இல்லை, காசு இல்லை. மாட்டேன் என்று சொல்லக் காரணம் ஒன்றும் இல்லை, ரேமோனுக்கும் திருப்தியாக இருக்கட்டும் என்று எழுதுகிறான்.

அப்புறம் பாருங்கள். கடிதத்தை நம்பி அந்தப் பெண் வருகிறாள். ரேமோன் அடிக்கிறான். அலறல் மாடிப்படி எல்லாம் கேட்கிறது. மரி போலீசைக் கூப்பிடச் சொல்கிறாள். தனக்குப் போலீஸ்காரர்களைப் பிடிக்காது என்கிறான் மெர்சோ. பிறகு ஸ்டேஷனுக்குப் போய், அவள் ரேமோனை ஏமாற்றினவள்தான் என்று ரேமோனுக்குச் சாதகமாகச் சாட்சியும் சொல்கிறான். ரேமோன் எச்சரிக்கையோடு வெளியே வருகிறான். அந்தப் பெண்ணின் அண்ணன் தம்பி சும்மா இருப்பானா? பின்தொடர்கிறான். கடற்கரை. வெயில். ஐந்து குண்டு.

முதல் குண்டு மாமல்லபுரம் மாதிரி மணலில் வெடிக்கவில்லை. சாப்பாட்டு மேஜையில், பேனா முனையில் வெடித்தது. அம்மா விஷயத்தில் ஒரு பொய்கூடச் சொல்லாதவன், இந்தப் பெண் விஷயத்தில் ஒரு பொய்க் கடிதத்தையே எழுதினான். தன் மனசில் என்ன இருக்கிறது என்பதில் அவன் தங்கம். எதிரே இருக்கிறவளுக்கு என்ன ஆகும் என்பது அவன் கணக்கிலேயே வரவில்லை.

இன்னொன்று. நாவல் முழுக்கத் தேடினாலும் செத்துப்போனவனுக்குப் பெயர் கிடையாது. 'அராபியன்', அவ்வளவுதான். நம் ஊர் எஃப்.ஐ.ஆரில்கூட, ஆள் தெரியவில்லை என்றால் 'பெயர் தெரியாத ஆண், வயது சுமார் 30' என்றாவது எழுதாமல் ஏட்டய்யா பேனாவை மூட மாட்டார். அல்ஜீரியா அப்போது பிரெஞ்சுக்காரர்கள் கையில். 1830ல் நுழைந்தவர்கள் 1962ல்தான் போனார்கள். அந்த ஊர்க்காரன் ஒருத்தனுக்குக் கதைக்குள் பெயர் வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

தோன்றுவதற்கு எழுபத்தோரு வருஷம் ஆயிற்று. 2013ல் கமெல் தாவூத் என்கிற அல்ஜீரியப் பத்திரிகையாளர் ஒரு நாவல் எழுதினார். செத்தவனுடைய தம்பி ஹாரூன் கிழவனாகி உட்கார்ந்து சொல்கிற கதை. அதில் செத்தவனுக்கு மூசா என்று பெயர். அவனுக்கும் ஓர் அம்மா. பிள்ளையின் உடம்பு கூடக் கிடைக்காமல் வருஷக்கணக்கில் தேடி அலைகிறவள். ஒரு அம்மா சாவுக்கு அழவில்லை என்று அத்தனை பெரிய கோர்ட் கூடிப் பேசியதே, பிள்ளை செத்த இந்த அம்மாவைப் பற்றி அங்கே ஒருத்தராவது வாயைத் திறந்தார்களா? அரசு வக்கீலும் கேட்கவில்லை. மெர்சோவும் கேட்கவில்லை. இந்த ஒரு விஷயத்தில் இரண்டு கட்சிக்கும் ஒற்றுமை.

படகோரத்தில் இதை எல்லாம் இவ்வளவு கோர்வையாகச் சொன்னேனா என்றால் இல்லை. நடுவில் சுண்டல்காரப் பையன் வந்தான், பாசிமணி விற்கிற அம்மா வந்தார். ஆனால் கடைசியில் ஒன்று கேட்டேன்.

"அந்தப் பொண்ணு பேரு என்ன?"

தம்பி யோசித்தான். "தெரியலையே சார். அவன் 'அவ'ன்னுதான் சொல்வான்."

சொல்லிவிட்டு அவனே கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலை வண்டியில் சிங்கப்பெருமாள்கோயில் தாண்டியதும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "எழுத முடியாதுன்னு சொல்லிட்டேன் சார். நீயும் எழுதாதேன்னேன். கெட்ட வார்த்தையிலே திட்டினான். ராத்திரி ரூம்ல பேசவே இல்லே."

"கஷ்டமா இருக்கா?"

"இருக்கு சார்" என்றான், எதற்கும் அலட்டிக்கொள்ளாத வீரன்.

மெர்சோவுக்கு இந்தக் கஷ்டம் மூன்றாவது அத்தியாயத்திலேயே வந்திருந்தால் புத்தகம் முப்பது பக்கத்தில் முடிந்திருக்கும். காம்யுவுக்குத்தான் நஷ்டம்.

*

அதற்காக மெர்சோவைத் தூக்கிப் பரணில் போட்டுவிட வேண்டாம். இல்லாத கண்ணீரை வரவழைக்க மாட்டேன் என்று அவன் சொன்னது பெரிய விஷயம். தலையே போகும் என்று தெரிந்து சொன்னான். நாம் அவனிடமிருந்து எடுத்துக்கொள்வதோ மூஞ்சியை மட்டும். 'எனக்கென்ன' என்று தோளைக் குலுக்குவதற்கு மெர்சோ தேவையில்லை, எந்த ஆபீசிலும் அதற்கு நாலு பேர் பென்ஷன் வாங்குகிற வரைக்கும் இருக்கிறார்கள். இதுவும் ஒரு மாதிரி தபசு போஸ்தான். கையைத் தூக்குவதற்குப் பதில் கையைக் கட்டிக்கொள்கிற பூனை.

எழுதின காம்யு அப்படிப்பட்ட ஆசாமி இல்லை. முதல் உலகப் போரில் 1914லேயே அப்பா போய்விட்டார். அம்மா வீட்டு வேலை செய்து வளர்த்தாள். காது சரியாகக் கேட்காது, எழுதப் படிக்கத் தெரியாது. 1957ல் நோபல் பரிசு வாங்கின பிள்ளை எழுதிய ஒரு வரியை அவளால் படிக்க முடியாது. 1960ல் அவர் இறந்த விபத்து நடந்த இடத்தில் பாதி எழுதின ஒரு நாவலின் கையெழுத்துப் பிரதி கிடைத்தது. 1994ல்தான் அச்சில் வந்தது. அதில் சமர்ப்பணம், அதை என்றைக்கும் படிக்க முடியாத அம்மாவுக்கு.

மெர்சோவும் கடைசியில் அம்மாவிடம்தான் போகிறான். தலை போகப்போகிற விடியலுக்கு முன், ஜெயில் அறையில், ரொம்ப நாளைக்கு அப்புறம் அவளை நினைக்கிறான். முதியோர் இல்லத்தில், சாவுக்குப் பக்கத்தில், அம்மா ஏன் ஒரு கிழவரோடு சிநேகம் வைத்துக்கொண்டாள், வாழ்க்கையை ஏன் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்துப் பார்த்தாள் என்பது அவனுக்கு அப்போதுதான் புரிகிறது. அதுவரைக்கும் அத்தனை பேரும் 'இவன் அழுதானா?' என்று கேட்டார்களே தவிர, 'அந்த அம்மாவுக்கு என்ன வேண்டியிருந்தது?' என்று ஒருவர் கேட்கவில்லை. பிள்ளையும் கேட்கவில்லை.

அதை யோசிக்க அவனுக்குக் கடைசி ராத்திரி வரைக்கும் ஆயிற்று. நமக்கு அவ்வளவு நேரம் வேண்டாம். செங்கல்பட்டு வண்டியில் கொளவாய் ஏரி முடிவதற்குள் யோசித்துவிடலாம். பரனூர் சிக்னலில் வண்டி நின்றுவிட்டால் இன்னும் சௌகரியம்.